விசிறிக்காரன் சத்தம்

பை கால்ல இடிக்குதுங்களா தம்பி? இடிச்சாச் சொல்லுங்க, மடியில வெச்சுக்கறேன். மேலே தட்டுல போட மனசு வரலை, உள்ளே கேம் பொட்டி இருக்குது. டிவியில மாட்டி விளையாடற சாமானம். நீங்க சேலம் வரைக்குமா? நான் குமாரபாளையம் பிரிவுல இறங்கிக்குவேன், அதுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் ஆவும். பேசறதுன்னா கொஞ்சம் இப்படித் திரும்பிப் பேசுங்க. ஜன்னலைப் பாத்துட்டுப் பேசினா எனக்குப் பிடிக்காது. மூஞ்சியைப் பாத்துப் பேசறதுதானுங்க மரியாதை.

ஆமாங்க, எனக்குத்தான் கேமு. சிரிங்க, சிரிங்க, பரவால்லை. அம்பத்தாறு வயசுல கேம் பொட்டியைத் தூக்கிட்டுப் பஸ் ஏறினா யாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. நாலஞ்சு மாசமா அது ஒழுங்கா வேலை செய்யலை. கோயமுத்தூர்ல ஒரு அம்மா இதையெல்லாம் ரிப்பேர் பண்றாங்கன்னு சொன்னாங்க, காலையில போயிட்டு வந்தேன். அந்தம்மா கழட்டிப் பாத்து, மாட்டிப் பாத்து, ஒண்ணும் இல்லைங்கண்ணா, நல்லா இருக்குதுன்னுட்டாங்க. நல்லா இருந்தா நான் ஏன் தோக்கறேன்? முன்னாடியெல்லாம் தோத்ததே இல்லைங்க நானு.

எம்பேரு குப்புராசு. தறிப்பட்டறையில பிட்டர். முப்பத்தொரு வருசம். இருபத்திநாலு தறி ஓடற பட்டறை, அதுல எந்தத் தறி மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க. காதாலயே கண்டுபிடிச்சுப்போடுவான் குப்புராசுன்னு முதலாளியே சொல்லுவாரு. போயி நிப்பேன், தறிச் சட்டத்து மேல உள்ளங்கையை வெச்சுக் கண்ணை மூடுவேன், அவ்வளவுதான். குறுக்கால ஓடற நாடா எங்கே இடிக்குது, எந்தப் பல்லு தேஞ்சிருக்குது, எல்லாம் தெரிஞ்சுரும். அப்பேர்ப்பட்ட காது இது. இதைப் போயி என் மக... சரி விடுங்க, அதைச் சொல்லத்தான் வர்றேன்.

பட்டறைக்குள்ள நீங்க போயிருக்கீங்களா? போயிராதீங்க. இருபத்திநாலு தறியும் ஓடறப்போ இடி விழுந்தாலும் தெரியாது. நாங்க யாரும் உள்ளே சத்தம் போட்டுப் பேசறதில்லை. வாயை மட்டும் அசைப்போம். அந்தக் கடைசித் தறிக்காரன் டீ வேணும்னு வாயசைச்சா இந்தக் கடைசியில நின்னு நான் சக்கரை வேண்டாமான்னு கேப்பேன். பட்டறைப் பேச்சுன்னு அதுக்குப் பேரு. எம்மக கோகிலாவும் அதைப் பேசுவா. கோகிலவாணின்னு முழுப் பேரு. அவளுக்கு ஆறு வயசுல அவங்கம்மா போயிட்டா, மஞ்சக்காமாலை. அப்புறம் பள்ளிக்கூடம் விட்டா நேரா பட்டறைக்குத்தான் வருவா. வாசல்ல உக்காந்து பாடம் எழுதுவா, எங்க வாயைப் பாத்துப் பாத்து எல்லாத்தையும் கத்துக்கிட்டா.

இந்தக் கேமு வந்தது அவ ஒன்பதாவது படிக்கறப்போ. அவங்க டீச்சர் வீட்டுல பழசாயிருச்சுன்னு தூக்கிக் குடுத்தாங்க. உள்ளே நெறைய ஆட்டம் இருந்துச்சு. குரங்கு, முயல், என்னென்னமோ. எங்களுக்குப் புடிச்சது ஒண்ணே ஒண்ணுதான், அந்தக் குண்டுப் பயில்வான் ஆட்டம். ஜப்பான்ல இருப்பாங்களே, கோவணம் கட்டிக்கிட்டு, கொண்டை போட்டுக்கிட்டு, தொப்பை தொங்க. சுமோன்னு கோகிலா சொல்லுவா. ரெண்டு பயில்வான் நிப்பாங்க. ஆனா சண்டை கிடையாதுங்க. அதுதான் அதுல நல்லது. ஆளுக்கொரு ரிமோட்டுல பட்டனை அமுக்கி ரெண்டு பேரும் சேந்து ஆடணும். ஓரத்துல ஒருத்தன் மேளம் அடிப்பான், அடிக்கு ஒரு தட்டு உள்ளங்கையால தட்டணும். நடுவால விசிறி வெச்சுக்கிட்டு ஒருத்தன் நிப்பான், அவன் திடீர்னு ஹோன்னு கத்துவானாம். கத்துவான். கத்தினவுடனே ரெண்டு பேரும் ஒரே நேரத்துல ஒத்தைக் காலைத் தூக்கித் தொம்முன்னு மிதிக்கணும். ஒருத்தன் பிந்தினாலும் ரெண்டு பயில்வானும் மல்லாக்க விழுந்துருவாங்க. சேந்து மிதிச்சா ஊரே கை தட்டும், பூவாக் கொட்டும்.

அதுல ஒரு கோளாறு பாருங்க. மேளக்காரன் கையைப் பாத்து அடியைப் புடிச்சுக்கலாம். விசிறிக்காரன் எப்பவும் முதுகைக் காட்டிட்டே நிப்பான். எப்பக் கத்துவான்னே தெரியாது. அந்த ஆட்டம் பண்ணினவன் ஒரு மடையன்தான். வாயைக் காட்டாம ஒரு மனுசன் கத்தினா எவனுக்குங்க தெரியும்?

மொதல்ல கொஞ்ச நாளு நான் விழுந்துட்டே இருந்தேன். நான் விழுந்தா அவளும் விழுவா இல்லைங்க, மூஞ்சி தொங்கிப் போயிரும் புள்ளைக்கு. பொறகு பழகிப் போச்சு. ஞாயித்துக்கிழமை தறி நிக்கும். மத்தியானம் கறி சோறு தின்னுட்டு ரெண்டு பேரும் பாயில உக்காருவோம், அவ முட்டி என் முட்டியில இடிக்கற மாதிரி ஒட்டி உக்காருவா. ஆட்டத்துக்கு மேல ஆட்டம், ஒத்தை வாட்டி விழ மாட்டோம். எங்க வரிசையில இருக்கற லைன் வீட்டுப் பொம்பளைங்க ஜன்னல்ல எட்டிப் பாத்து, இந்தக் கூத்தைப் பாருங்கடின்னு சிரிப்பாங்க. நான் அவகிட்டக் கேப்பேன், அம்மிணி, உங்கப்பன் காது எப்படின்னு. பாம்புக் காதுப்பான்னு சொல்லுவா.

அவகிட்ட ஒரே ஒரு கெட்ட பழக்கம். கால் ஆட்டறது. ஆட்டம் ஆரம்பிச்சாப் போதும், முட்டி ஆடும், என் முட்டியில வந்து இடிச்சுக்கிட்டே இருக்கும். பொட்டப்புள்ள கால் ஆட்டினா வீட்டுக்கு ஆகாதுடின்னு எத்தனை வாட்டி திட்டியிருப்பேன். ஒரு வாட்டி தொடையில ஓங்கி அடிச்சே போட்டேன். கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்பவும் நிறுத்தலைங்க, பழக்கமாயிருச்சுப்பா, வர மாட்டேங்குதுன்னா. ஆடித் தொலையட்டும்னு விட்டுட்டேன்.

படிச்சு முடிச்சு ஓசூர்ல கம்பெனி வேலைக்குப் போயிட்டா. மாசம் ஒருக்கா வருவா. வந்தா சாப்பாடு கூட அப்புறம்தான், மொதல்ல ஆட்டம். போன தீபாவளிக்கு வந்தவ எனக்கு ஒரு டச் போன் கொண்டாந்து குடுத்தா. குடுத்துட்டு மெதுவா, அப்பா, ஈரோட்டுல நல்ல காது டாக்டர் இருக்காரு, சும்மா ஒரு வாட்டி காட்டிட்டு வந்துரலாம்னா. எனக்கு வந்துச்சே கோவம். எனக்கென்னடி காதுக்குன்னு கத்தினேன். செவிட்டு பிட்டர்னு பேரு வந்துச்சுன்னு வெச்சுக்கங்க, நாளைக்கு எந்தத் தறிக்காரன் என் பேச்சைக் கேப்பான்? உன்கூடக் கேமு ஆடறனே, செவிடன் ஆடுவானா அந்த ஆட்டத்தைன்னு கேட்டேன். அவ பொட்டியை எடுத்து டிவியில மாட்டப் போயிட்டா. வேற என்ன பண்ணுவா, நாயமாத்தானே கேட்டேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். கார்த்திகை தீபத்தன்னிக்கு போன் பண்ணினா. போன்ல பேசறதுக்கு என்ன இருக்குது? அவ பேசுவா, நான் சரி, சரிம்பேன், சாப்பிட்டியாம்பேன், வெச்சிருவேன். வாராவாரம் அதேதான். அன்னிக்கு என்னமோ நெறையப் பேசினா. தீபத்துக்கு லீவு இல்லை, அது இதுன்னு சொல்லியிருப்பா. அப்பா கேக்குதா, கேக்குதான்னு மூணு வாட்டி கத்தினா. எனக்குச் சுருக்குன்னு ஆயிப்போச்சு. நல்லாத்தான்டி கேக்குது, அதான் சரின்னு சொல்லிட்டேன்ல, எத்தனை வாட்டி சரின்னு சொல்றதுன்னு கத்திட்டு வெச்சுட்டேன்.

பொங்கலுக்கு வந்தா. தனியா வரலை. கூட ஒரு பையன், பையனோட அப்பா அம்மா. தட்டு, பழம், பூ. பையன் பேரு செல்வினாம், நாகர்கோயில் பக்கம், சர்ச்சுக்குப் போற வேதக்காரங்க. வாசல்ல வந்து நின்னு சம்பந்தின்னு கையைக் கூப்பறாரு அந்த மனுசன். எனக்கு ஒண்ணுமே புரியலைங்க. லைன் வீடு பூராவும் வெளியில வந்து நிக்குது. யாரைக் கேட்டுடி இதெல்லாம்னு கேட்டேன்.

"உங்களைத்தானேப்பா கேட்டேன். நீங்கதானே சரின்னீங்க."

"எப்பக் கேட்டே?"

"தீபத்தன்னிக்குப்பா. மூணு வாட்டி கேட்டேன்."

பொய்யின்னேன். பச்சைப் பொய்யின்னேன். என்னைக் கேக்காமயே எல்லாத்தையும் பண்ணிப்போட்டு, ஊரு முன்னாடி நான் சரின்னதாச் சொல்றியான்னு கேட்டேன். தம்பி, சாமி சத்தியமாச் சொல்றேன், அந்தப் பையன் என்ன சாதியா இருந்தா எனக்கென்ன, என்ன சாமி கும்பிட்டா எனக்கென்ன? நல்ல மூஞ்சி அந்தப் பையனுக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் சரின்னுதானுங்க சொல்லியிருப்பேன். கேக்கலையே. தாயில்லாத புள்ளைன்னு தலையில வெச்சு வளத்தவனை ஒரு வார்த்தை கேக்கலையே. இன்னிக்கும் நெஞ்சு எரியுது எனக்கு.

அப்ப அவ ஒண்ணு பண்ணினா பாருங்க. இதை யாருகிட்டயும் நான் சொன்னதில்லை. எல்லாத்துக்கும் முதுகைக் காட்டிட்டு, எனக்கு நேரா வந்து நின்னா. பட்டறைப் பேச்சு பேசினா. தொண்டை அசையலை, சத்தமே போடலை, உதடு மட்டும்தான் அசைஞ்சுது. சுத்தி நின்ன ஒருத்தருக்கும் அவ பேசினதே தெரியாது.

"காதுல விழலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் அவங்க கிட்டப் பேசித் தள்ளி வெச்சுக்கறேன். எனக்குக் கோவமே இல்லைப்பா."

நானும் வாயை அசைச்சிருக்கலாம். ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. நான் என்ன பண்ணினேன்னா, தெருவே கேக்கற மாதிரிக் கத்தினேன். என் காது நல்லாத்தான் இருக்குது, நீதான் பொய் சொல்றே, போடின்னேன்.

தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. அவளும் போயிட்டா. கார்ல ஏறறப்போ திரும்பிப் பாத்தா, நான் உள்ளே போயிட்டேன்.

அப்புறம் கல்யாணம் முடிஞ்சிருச்சு. எப்படித் தெரியும்னா, குழாயடியில ரெண்டு பொம்பளைங்க பேசிட்டிருந்தாங்க, எதிர்ப்பக்கம் நின்னு வாயைப் பாத்தேன். கோகிலாவுக்குக் கல்யாணமாம், அவங்கப்பன் போகவே இல்லையாம்னு. கூப்பிட்டாத்தானுங்க போறதுக்கு? கல்யாணத்துக்குக் கூட ஒரு வார்த்தை என்னைக் கூப்பிடலை. பெத்த அப்பனை. அதைத்தான் என்னால தாங்க முடியலை. மொத விசயத்தைக் கூட மன்னிச்சிருவேன்.

தனியா இருக்கறனே, ஞாயித்துக்கிழமை ஆனா கையும் ஓடலை காலும் ஓடலை. இந்தப் பொட்டியை மாட்டினேன். ஒரு ரிமோட்டை நான் புடிச்சுக்கிட்டு, பக்கத்து வீட்டு மரகதத்துப் புருசன் கையில இன்னொண்ணைக் குடுத்தேன். விழறேன். மறுபடியும் விழறேன். அந்தாளு சரியா மிதிக்கறாரு, நான் விழறேன். வாராவாரம் இதே கதை. மேளக்காரன் கையைப் பாத்துத் தட்டறதெல்லாம் வந்துருது, விசிறிக்காரன் கத்தறதுதான் வர்றதே இல்லை. பொட்டியில அந்தச் சத்தம் மட்டும் கெட்டுப் போச்சுன்னு நெனச்சேன். அதான் இன்னிக்குக் கோயமுத்தூர்.

அந்தக் கடைக்காரம்மா எம் முன்னாடியே ஆடிக் காட்டினாங்க. ஸ்டூல் மேல உக்காந்துட்டு. ஒத்தை வாட்டி விழலை. நான் டிவியைப் பாக்கலைங்க தம்பி. அந்தம்மா காலைப் பாத்துட்டேன். செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, வெறுங்காலால தரையைத் தட்டிட்டே ஆடறாங்க. அவங்களுக்கே தெரியாமத் தட்டறாங்க. மேளத்துக்கு ஒரு தட்டு. மேளத்துக்கு ஒரு தட்டு. பயில்வான் காலைத் தூக்கறதுக்கு முன்னாடி மட்டும் டக்டக்குன்னு ரெண்டு தட்டு.

என் முட்டியில இடிச்சது அதேதானுங்க. அப்படியே அதே கணக்கு. ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, அப்புறம் ரெண்டு. பதினோரு வருசம் என் முட்டியில இடிச்சது.

அந்தம்மா என்னண்ணா ஆச்சு, தண்ணி குடிக்கறீங்களான்னாங்க. வேண்டாங்கம்மான்னு பொட்டியை வாங்கிப் பையில போட்டுட்டு வந்துட்டேன். பதினாலு வயசுப் புள்ளைங்க அப்போ அவ. பதினாலு வயசுல கண்டுபிடிச்சுட்டா. அப்பனுக்குத் தெரியாமயே அப்பனை ஜெயிக்க வெச்சுட்டிருந்திருக்கா. நான் தொடையில அடிச்சேன். அடிச்சப்போக் கூட அந்தக் காலை நிறுத்தலையே தம்பி அவ.

இல்லைங்க, நான் அழலை. காத்து மூஞ்சியில அடிக்குது. கொஞ்சம் கண்ணாடியை இழுத்து விடுங்க.

தம்பி, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கட்டுங்களா? நீங்க சேலத்துக்காரரு, எங்க ஊரு ஆளு கிடையாது, இனி உங்களை நான் பாக்கப் போறதும் இல்லை. அதனால கேக்கறேன். இந்தப் போன்ல ஒரு வாய்ஸ் மெசேஜ் கெடக்குது. எம் மக அனுப்பினது. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால அவ எப்பவும் பேசித்தான் அனுப்புவா. மாசி மாசத்துல வந்துச்சு. இந்தப் போன் ஸ்பீக்கர் சரியில்லை, கரகரங்குது. லைன் வீட்டுல யாருகிட்டயாவது குடுத்துக் கேக்கச் சொன்னா, குப்புராசுக்கு என்ன ஆச்சும்பாங்க. திட்டித்தான் அனுப்பியிருப்பா, திட்டட்டும். நான் பண்ணினதுக்குத் திட்டத்தான் செய்வா. என்ன திட்டியிருக்கான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. காதுல வெச்சுக் கேளுங்க. அந்தப் பச்சையா இருக்குதே, அதைத் தொடுங்க.

ம்.

முடிஞ்சுதுங்களா? ஏன் மறுபடியும் கேக்கறீங்க?

சொல்லுங்க. குனிஞ்சுட்டுச் சொல்லாதீங்க, நிமிந்து என்னைப் பாத்துச் சொல்லுங்க. ஓசூரு... ரிஜிஸ்தர் ஆபீசு. பங்குனி பதினாலு, வெள்ளிக்கிழமை. காலையில பத்தரை மணி. சரி. வாசல்ல நிப்பேன். எங்கப்பா வராம நான் உள்ளே போக மாட்டேன்னு இவங்ககிட்டச் சொல்லிட்டேன். அப்பா, நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், வந்து நின்னாப் போதும்...

கூப்பிட்டிருக்கா. என்னைக் கூப்பிட்டிருக்கா.

இப்ப ஆடிங்களே தம்பி. ஆடி பொறந்து பத்து நாளாச்சே.

எத்தனை மணி வரைக்கும் நின்னிருப்பா? உங்களுக்கு எப்படித் தெரியும், நான் ஒரு முட்டாப்பய, உங்களைக் கேக்கறேன். ரோட்டைப் பாத்துட்டே நின்னிருப்பா. ஒவ்வொரு பஸ்சா வந்து நிக்க நிக்க எட்டிப் பாத்திருப்பா. நான் அன்னிக்குப் பட்டறையில இருந்தேன். வெள்ளிக்கிழமை இல்லைங்க, தறிக்கெல்லாம் பொட்டு வெச்சுச் சூடம் காட்டிட்டு இருந்தேன். போன் சட்டைப் பையிலதான் கெடந்துச்சு. அவ அனுப்பினது அதுக்குள்ளயே ஒரு மாசமாக் கெடந்துச்சு.

எந்த ஊருங்க இது? குமாரபாளையம் பிரிவா? கெடக்கட்டும் விடுங்க. நான் இறங்கலை. கண்டக்டர்கிட்ட நான் பேசிக்கறேன், நீங்க உக்காருங்க.

தம்பி, அவ நம்பர் அதுலயே இருக்குது. கோகிலான்னு போட்டிருக்கும், பக்கத்துல ஒரு பூ படம். போடுங்க. நான் பேசலை. நான் பேசினா மறுபடியும் சரி, சரின்னுதான் வரும் என் வாயில. நீங்க பேசுங்க. பஸ்சுல எம் பக்கத்துல உக்காந்து வர்றேன்னு சொல்லுங்க. அவ நிப்பான்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. தீபத்தன்னிக்கு அவ கேட்டதும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க.

எடுத்துட்டாளா? உங்க வாய் அசையுதே, எடுத்துட்டா. யாருன்னு கேக்கறாளா? சொல்லுங்க, முன்சீட்டுக்காரங்க திரும்பிப் பாக்கறாங்கன்னு பாக்காதீங்க, கண்டக்டர் பாக்கறாருன்னு பாக்காதீங்க. பஸ்சுக்கே கேக்கட்டும், சத்தமாவே சொல்லுங்க. உங்கப்பனுக்குக் காது கேக்காதும்மான்னு சொல்லுங்க.